வயிற்றில் சிவப்பு, செதிலில் கருப்பு: வளர்ப்புப் பாம்பின் தோல் தொற்று, அறிகுறி வாரியாக

பெட்டியில் வளரும் பால் பைத்தானுக்கும் (ball python, பந்துபோல் சுருளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) கார்ன் ஸ்னேக்குக்கும் (corn snake, அமெரிக்க எலிப் பாம்பு வகை) வரும் தோல் தொற்றுகளில் பெரும்பாலானவை பெட்டியின் தரையில்தான் தொடங்குகின்றன. புண்ணில் வளரும் சூடோமோனாஸ், ஏரோமோனாஸ், புரோட்டியஸ், கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்கள் எங்கிருந்தோ வந்து தாக்குபவை அல்ல. நல்ல நிலையில் இருக்கும் பாம்பின் உடம்பிலும் தண்ணீர்க் கிண்ணத்திலும் அவை எப்போதும் உண்டு. ஈரம், அழுக்கு, குளிர், சூட்டுக் காயம், உண்ணிக் கடி என ஏதாவது ஒன்று தோலின் தடுப்பை உடைத்த பிறகே உள்ளே நுழைகின்றன. உடைத்தது எது என்று கண்டுபிடிக்காமல் களிம்பு பூசினால் புண் ஆறும், அடுத்த மாதம் இரண்டு அங்குலம் தள்ளி மறுபடி வரும். அதனால் கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் பெட்டி, அடுத்து பாம்பு, கடைசியில் மருந்து.

எந்தப் புண்ணானாலும் முதல் அரை மணி நேரத்தில்

பாம்பை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாவில் விட்டு, டப்பாவை மேலே தூக்கிக் கீழிருந்து வயிற்றைப் பாருங்கள். கையில் பிடித்துப் புரட்டுவதைவிட இது எளிது, பாம்பும் மிரளாது. தாடைக்கு அடியில் ஓடும் பள்ளம், கண்ணைச் சுற்றிய விளிம்பு, கழிவு வாய், வால் நுனி ஆகிய நான்கு இடங்களையும் தனித்தனியாகப் பாருங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். சமையலறைத் தராசில் எடை போட்டுக் குறித்து வையுங்கள். நான்கு நாள் கழித்து, 'பரவியதா, அப்படியே இருக்கிறதா?' என்ற கேள்விக்கு நினைவு சரியான பதில் தராது, படம் தரும்.

பெட்டியில் உள்ள விரிப்பு முழுவதையும் அள்ளி வெளியே கொட்டுங்கள். தேங்காய் நார்த் தூள், மரச்சீவல், பாசி எதுவும் வேண்டாம். அச்சில்லாத வெள்ளைப் பேப்பர் டவல் இரண்டு அடுக்கு, ஒளிந்துகொள்ள இரண்டு இடம் (சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று), ஒரு சிறிய தண்ணீர்க் கிண்ணம். இவ்வளவுதான் சிகிச்சைப் பெட்டி. பேப்பரை நாள்தோறும் மாற்ற வேண்டும், நனைந்தால் அப்போதே. வெள்ளைப் பேப்பருக்கு இன்னொரு பயன் உண்டு. கசியும் நீர், ரத்தம், உண்ணி மூன்றும் அதில் உடனே தெரியும்.

பிறகு வெப்பம். பால் பைத்தானுக்குச் சூடான பக்கத்தின் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. கார்ன் ஸ்னேக்குக்கு 28 முதல் 30, மறுபக்கம் 22 முதல் 25. சிகிச்சை முடியும்வரை இரவிலும் வெப்பத்தைக் குறைக்காதீர்கள். பாம்பின் நோய் எதிர்ப்பு அதன் உடல் சூட்டோடு கட்டுண்டது. 24 டிகிரியில் கிடக்கும் பாம்புக்கு எந்த ஊசி போட்டாலும் பாதி வேலைதான் நடக்கும்.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

வயிற்றுச் செதில்களில் ஊசியால் குத்தியதுபோல் சிவப்புப் புள்ளிகள் அல்லது ரத்தம் தேங்கியதுபோன்ற செம்மை, அதோடு துவண்ட உடம்பு. வாயைத் திறந்து மூச்சு விடுதல். மெதுவாக மல்லாக்கப் புரட்டினால் தானாகத் திரும்பிக்கொள்ளாமல் அப்படியே கிடத்தல். புண்ணிலிருந்து அழுகிய நாற்றம். தசை தெரியும் ஆழம். இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு, ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றே போங்கள். தொற்று ரத்தத்தில் கலந்துவிட்ட பாம்புக்கு வீட்டில் செய்யக்கூடிய வைத்தியம் எதுவும் கிடையாது.

அறிகுறி: வயிறு முழுவதும் இளஞ்சிவப்பு

பதறுவதற்கு முன் கண்ணைப் பாருங்கள். கண் பால் படிந்ததுபோல் நீலம் பூத்து, முதுகின் நிறமும் மங்கியிருந்தால் பாம்பு சட்டை உரிக்கப் போகிறது. பால் பைத்தானின் வயிறு அப்போது சீராக இளஞ்சிவப்பாகும். சில நாளில் கண் தெளியும், அடுத்த சில நாளில் சட்டை கழலும், சிவப்பும் போய்விடும். புதிதாக வளர்ப்பவர்கள் 'தொற்று' என்று எடுத்துவரும் படங்களில் கணிசமானவை இந்த வகைதான்.

வேறுபாடு இது: சட்டைக்கு முந்தைய சிவப்பு தலைமுதல் வால்வரை ஒரே சாயலாக இருக்கும். புள்ளி புள்ளியாக, திட்டுத் திட்டாக, அல்லது உடம்பின் ஒரு பகுதியில் மட்டும் இருந்தால் அது சட்டை விஷயம் அல்ல. சட்டை கழன்ற பிறகும் சிவப்பு நின்றால் அதுவும் அப்படியே.

அறிகுறி: வயிற்றுச் செதில்களுக்கு அடியில் நீர் கோத்த சிறு கொப்புளங்கள்

ஈரத் தரையில் அதிக நாள் கிடந்ததன் முதல் அடையாளம் இது. தொடக்கத்தில் கொப்புளத்துக்குள் இருக்கும் நீர் தெளிவானது. பெரும்பாலும் கிருமி இருக்காது. ஆகவே உடைக்காதீர்கள். மூடியிருக்கும் கொப்புளம் ஒரு கட்டு போட்ட புண்ணுக்குச் சமம். நகத்தால் கிள்ளிய நிமிடமே அது திறந்த வாசல். நீர் கலங்கி மஞ்சளாகவோ ரத்தம் கலந்தோ இருந்தால் தொற்று உள்ளே போய்விட்டது என்று பொருள். அதை வடிப்பது மருத்துவர் வேலை.

தெளிந்த கொப்புளம் சில மட்டும் இருந்தால் உலர்ந்த பேப்பர் தரையும் சரியான சூடும் போதும். புதிய கொப்புளம் வருவது சில நாளில் நிற்க வேண்டும். நான்காம் நாளும் புதிதாக வந்தால் ஈரம் இன்னும் எங்கோ இருக்கிறது, அல்லது இது ஈரத்தால் வந்ததே அல்ல.

ஈரம் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் வழி: சுவரில் ஒட்டிய ஈரப்பத மானியை நம்பாதீர்கள். அது காற்றை அளக்கிறது. பாம்பு படுப்பது தரையில். ஒளிவிடத்தைத் தூக்குங்கள். பாம்பு நாளின் பெரும்பகுதி கிடப்பது அங்கேதான். கழிவும் யூரேட்டும் (பாம்பின் வெள்ளையான கெட்டிச் சிறுநீர்) வழிந்து தேங்குவதும் அங்கேதான். அந்தத் தரையில் ஒரு வெள்ளை டிஷ்யூவை வைத்து, மேலே ஒரு புத்தகத்தை அரை நிமிடம் அழுத்தி எடுங்கள். டிஷ்யூ நனைந்திருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. அடுத்து தண்ணீர்க் கிண்ணம் ஹீட் மேட்டுக்கு (பெட்டிக்கு அடியில் வைக்கும் மின்சூட்டு விரிப்பு) மேல் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் கிண்ணம் நாள் முழுக்க ஆவி விட்டு, எதிர்க் கண்ணாடியில் வியர்த்து, மூலையில் வழிந்து, விரிப்புக்கு அடியில் தேங்கும். கிண்ணத்தைக் குளிர்ந்த பக்கம் தள்ளினாலே பாதிச் சிக்கல் தீரும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். பால் பைத்தானுக்கு 55 முதல் 70 சதவீதம் காற்று ஈரப்பதம் வேண்டும், அது உண்மை. பலர் அதை எட்டுவதற்காக வலை மூடியைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, விரிப்பில் தண்ணீர் தெளிக்கிறார்கள். காற்றோட்டம் நின்று தரை ஊறுகிறது. காற்றில் ஈரம், தரையில் உலர்வு: இரண்டும் சேர்ந்தே வேண்டும். நார்த் தூள் போடுபவர்கள் தண்ணீரை மேலே தெளிக்காமல் மூலையில் ஊற்ற வேண்டும். அடி அடுக்கு ஈரமாக, மேல் அடுக்கு தொட்டால் உலர்ந்ததாக இருக்கும். ஒரு கை அள்ளிப் பிழிந்தால் உருண்டையாக நிற்கலாம், சொட்டு விழக் கூடாது. சென்னை போன்ற கடலோர ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையின்போது தண்ணீர் தெளிக்கும் வேலையே வேண்டாம். அப்போது தேவை காற்றோட்டம்.

மானியே தவறாகக் காட்டலாம். சோதிக்க, ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேறுபோல் குழைத்து, மானியோடு ஜிப் கவரில் வைத்து மூடுங்கள். எட்டு மணி நேரம் கழித்து 75 சதவீதம் காட்ட வேண்டும். 68 காட்டினால் உங்கள் மானி 7 குறைவாகச் சொல்கிறது. முள் சுழலும் வட்ட மானிகள் பல இந்தச் சோதனையிலேயே தோற்றுவிடும்.

அறிகுறி: செதில் விளிம்பு பழுப்பு, மஞ்சள் அல்லது கருப்பு; தொட்டால் மெத்தென்று அல்லது பொருக்காக

செதில் அழுகல் என்று வளர்ப்பவர்கள் சொல்வது இதைத்தான். கொப்புளத்தைக் கவனிக்காமல் விட்டதன் அடுத்த கட்டம். முதலில் அழுக்கா என்று உறுதி செய்யுங்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடைத்தால் கறை போய்விடும், புண் போகாது. செதிலின் இயல்பான நிறமும் ஏமாற்றும். கார்ன் ஸ்னேக்கின் வயிற்றில் கருப்புக் கட்டங்கள் பிறவியிலேயே உண்டு. ஓரம் கூர்மையாக, மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால் அது கோலம். ஓரம் மங்கலாக, மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் நோய்.

மூன்று நான்கு செதிலில் மட்டும், மேலோட்டமாக, பாம்பு சுறுசுறுப்பாக இருந்தால் வீட்டில் தொடங்கலாம்.

ஒன்று, கழுவுதல். மருந்துக் கடையில் கிடைக்கும் போவிடோன் அயோடின் கரைசலை எடுங்கள். நுரைக்கும் ஸ்க்ரப் வேண்டாம், சோப்பு கலந்தது. 5 சதவீதக் கரைசல் என்றால் 1 பங்குக்கு 9 பங்கு, 10 சதவீதம் என்றால் 1 பங்குக்கு 19 பங்கு, கொதித்து ஆறிய தண்ணீர். இரண்டிலும் கிடைப்பது 0.5 சதவீதம். அன்றன்றைக்குக் கலந்து, மீதியைக் கொட்டிவிடுங்கள். காஸ் துணியை நனைத்துப் புண்மேல் இரண்டு மூன்று நிமிடம் ஒற்றி வைத்து எடுங்கள். தேய்க்காதீர்கள். தானாக வரும் பொருக்கு வரட்டும், ஒட்டியிருப்பதைப் பிய்க்காதீர்கள்.

பலர் பாம்பை அயோடின் தண்ணீரில் ஊறப்போடச் சொல்வார்கள். புண் வயிறு நெடுக இருந்தால் அதற்கு இடம் உண்டு. 1 லிட்டர் தண்ணீருக்கு 5 சதவீதக் கரைசல் 20 மில்லி, பாலில்லாத லைட் டீயின் நிறம், 28 முதல் 30 டிகிரிச் சூடு, ஆழம் பாம்பின் பருமனில் பாதி, 15 நிமிடம், பக்கத்திலேயே ஆள். குடிக்காமலிருக்க முன்னதாகவே நல்ல தண்ணீர் காட்டிவிட வேண்டும். ஆனால் ஈரத்தால் வந்த நோய்க்கு நாள்தோறும் ஊறவைப்பது எண்ணெய் ஊற்றி நெருப்பை அணைப்பதுபோல. சில செதில்தான் என்றால் ஒற்றியெடுப்பதே மேல்.

இரண்டு, உலர்த்துதல். இதை அவசரத்தில் தாண்டிவிடுகிறார்கள். காஸால் ஒற்றி, பிறகு பேப்பர் விரித்த டப்பாவில் பத்து நிமிடம் விடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம்.

மூன்று, களிம்பு. தீப்புண்ணுக்குப் போடும் 1 சதவீத சில்வர் சல்ஃபாடயசின் கிரீம், மெல்லிய பூச்சு, நாளுக்கு ஒரு முறை. கெட்டியாகப் பூசினால் அதற்கு அடியில் ஈரம் தங்கும். மீண்டும் அதே கதை. வாசலின் அடிப்படையிலான களிம்புகளும் இதனால்தான் இங்கே ஒத்துவராது. வலி குறைக்கும் லிடோகெய்ன் வகை மருந்து கலந்த களிம்புகளை அறவே தவிருங்கள்.

மஞ்சள், வேப்பெண்ணெய் பற்றிக் கேட்காத ஆளில்லை. மஞ்சள் செதிலில் கறையேற்றிவிடும். சிவப்பு பரவுகிறதா என்று பிறகு உங்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. எண்ணெய் ஈரத்தை மூடி வைக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு புதிதாக வளரும் திசுவையும் சேர்த்து எரிக்கும். டெட்டாலும் பினாயிலும் பாம்புக்கு விஷம். உடம்பில் மட்டுமல்ல, பெட்டி கழுவவும் வேண்டாம்.

ஒரு வாரத்தில் புண்ணின் ஓரம் உலர்ந்து சுருங்கியிருக்க வேண்டும். இல்லையென்றாலும், புதிய செதில் பழுத்தாலும், மருத்துவரிடம் போய்ப் புண்ணிலிருந்து மாதிரி எடுத்துக் கல்ச்சர் (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) செய்யச் சொல்லுங்கள். செதில் பழைய அழகுக்குத் திரும்ப மூன்று நான்கு சட்டை ஆகலாம். நோயுற்ற பாம்பு வழக்கத்தைவிட அடிக்கடி சட்டை உரிக்கும். அது தோல் தன்னைப் புதுப்பிக்கும் முயற்சி. அப்போது புண் இருக்கும் இடத்தில் சட்டை ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் விட்டுவிடுங்கள்.

அறிகுறி: ஒரே இடத்தில் பெரிய சிவப்பு அல்லது வெளிறிய திட்டு, திடீரென்று

சூட்டுக் காயமாக இருக்க வாய்ப்பு அதிகம். செதில் அழுகலோடு இதைக் குழப்பிக்கொண்டு தரையை உலர்த்திக்கொண்டே இருப்பார்கள். காயம் நாளுக்கு நாள் பெருகும், ஏனென்றால் மேட் இன்னும் சுட்டுக்கொண்டிருக்கிறது. திட்டின் வடிவத்தைப் பாருங்கள். பாம்பு சுருண்டு படுக்கும்போது தரையைத் தொடும் வளைவுகளில் வரிசையாக இருந்தால் ஹீட் மேட். முதுகில் இருந்தால் கூண்டு போடாத பல்பு. செதில் அழுகல் சிறு புள்ளிகளாகத் தொடங்கி வாரக்கணக்கில் பரவும். சூட்டுக் காயம் தெரியும்போதே பெரிதாகத் தெரியும். ஆனால் காயம் பட்ட அன்றே தெரியாமல் சில நாள் கழித்தும் வெளிப்படலாம். 'நேற்று மேட் சரியாகத்தானே இருந்தது' என்ற வாதம் செல்லாது.

சுட்டால் பாம்பு நகர்ந்துவிடும் என்று நம்பவே கூடாது. வயிற்றுக்கு அடியில் இருக்கும் சூட்டை அது உணர்ந்து விலகுவதற்குள் தோல் வெந்துவிடும். தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாத மேட்டை ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள். இருந்தாலும் உணர்முனை எங்கே என்று பாருங்கள். மேட்டுக்கும் பெட்டித் தரைக்கும் நடுவில், டேப்பால் ஒட்டியிருக்க வேண்டும். பெட்டிக்குள் விட்டிருந்தால் பாம்பு அதைத் தள்ளிவிடும், தண்ணீர் கொட்டி நனையும். முனை குளிர்ந்ததும் தெர்மோஸ்டாட் மேட்டை முழு வேகத்தில் எரிக்கும். பாம்பு விரிப்பைத் தோண்டிக் கண்ணாடியைத் தொடும் பழக்கம் உள்ளதா? அப்படியென்றால் விரிப்பின் மேல் அளந்த சூடு பொருளற்றது. இன்ஃப்ராரெட் வெப்பமானியால் வெறும் தரையை அளந்து பாருங்கள்.

சிவப்பு மட்டும் என்றால் மேலே சொன்ன கழுவலும் சில்வர் கிரீமும் போதும். கொப்புளம் கிளம்பினால், தோல் வெளிறி அல்லது கருத்து விறைத்தால், மருத்துவர். பெரிய தீப்புண் வழியே பாம்பு நீரை இழக்கும். அதற்கு ஊசி வழியாகத் திரவம் ஏற்ற வேண்டியிருக்கும்.

அறிகுறி: முகத்தில் பொருக்கு, தாடை வீக்கம், தடித்த மஞ்சள்-பழுப்புச் செதில்

வயிற்றில் தரையைத் தொடும் இடத்தில் இல்லாமல் முகத்திலும் உடம்பின் பல பக்கங்களிலும் சிதறிய பொருக்கு என்றால் பூஞ்சையைச் சந்தேகியுங்கள். ஒஃபிடியோமைசஸ் என்ற பூஞ்சை தரும் நோய் வட அமெரிக்கக் காட்டுப் பாம்புகளில் பெரும் சிக்கல். அந்தப் பூஞ்சையை 2009-ல் முதலில் விவரித்தது வளர்ப்பில் இருந்த ஒரு கருப்பு எலிப் பாம்பிலிருந்துதான். 25 டிகிரியை ஒட்டி அது நன்றாக வளரும். குளிர்ந்த பெட்டி அதற்கு வசதி.

இதில் இரண்டு பொறிகள். சட்டை கழன்றதும் பொருக்கும் சேர்ந்து போய், தோல் பளிச்சென்று தெரியும். குணமாகிவிட்டது என்று மருந்தை நிறுத்துவார்கள். சில வாரத்தில் அதே இடத்தில் திரும்பும். இரண்டாவது, புண்ணின் மேற்பரப்பைப் பஞ்சால் தடவி எடுத்த மாதிரியில் சாதாரணப் பாக்டீரியாவே வளர்ந்து, பூஞ்சை மறைந்துவிடும். உறுதி செய்யத் தோலில் சிறு துண்டு வெட்டி, திசு ஆய்வும் பி.சி.ஆர். சோதனையும் வேண்டும். சிகிச்சைக்கு வோரிகோனசோல், இட்ராகோனசோல், டெர்பினாஃபைன் போன்றவை பயன்படுகின்றன. வாரங்கள் அல்ல, மாதங்கள் ஆகும். மனிதர்களுக்கான படர்தாமரைக் களிம்பு மேலே பூசினால் ஆழத்தில் இருக்கும் பூஞ்சையை எட்டாது. சந்தேகம் வந்த நாளிலிருந்தே அந்தப் பாம்பைத் தனி அறையில் வைத்து, வீட்டில் உள்ள மற்றப் பாம்புகளைப் பார்த்து முடித்த பிறகு கடைசியாக அதைத் தொடுங்கள். கழன்ற சட்டையைக் கவரில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

அறிகுறி: தோலுக்கு அடியில் கெட்டியான உருண்டை

சீழ்க்கட்டியாக இருக்கலாம். பாம்பின் சீழ் மனிதச் சீழ்போல் ஒழுகாது. பாலாடைக்கட்டிபோல் திரண்டு, சுற்றிலும் உறை போட்டுக்கொள்ளும். சீழைக் கரைக்கும் நொதிகள் பாம்பின் வெள்ளணுக்களில் குறைவு என்பதே காரணம். ஆகவே பிதுக்கினால் வராது. ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்தாலும் உறைக்குள் மருந்து போகாது. அறுத்து உறையோடு எடுக்க வேண்டும். உயிருள்ள எலியைக் கொடுத்து அது கடித்த இடத்தில் சில வாரம் கழித்து இப்படிக் கட்டி எழும்புவது வாடிக்கை. கொன்று உறையவைத்து, உருக்கிச் சூடாக்கிய எலிக்கு மாறினால் இந்தப் பகுதியைப் படிக்கும் தேவையே வராது. உருண்டை என்றால் சீழ் என்று முடிவு கட்டவும் வேண்டாம்; புழு, கட்டி, விலா முறிவு எதுவாகவும் இருக்கலாம்.

அறிகுறி: பாம்பு தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடக்கிறது, தண்ணீரில் கருப்புப் பொடி

பாம்பு உண்ணி. மிளகுத் தூள்போல் கிண்ணத்தின் அடியில் படிந்திருக்கும்; பாம்பின் மேல் வெள்ளைத் தூசிபோல் இருப்பது அவற்றின் கழிவு. ஈரமான வெள்ளைப் பேப்பரால் பாம்பைத் தடவினால் கருப்புப் புள்ளி நகரும். உண்ணி கடித்த இடம் வழியாகத் தொற்று நுழையும். ஏரோமோனாஸ் பாக்டீரியாவை ஒரு பாம்பிலிருந்து இன்னொன்றுக்குச் சுமந்தும் போகும். செதில் அழுகல் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் உண்ணியைத் தேடுங்கள்.

வெதுவெதுப்பான தண்ணீரில் 20 நிமிடம் விட்டால் உடம்பில் இருப்பவை மூழ்கிச் சாகும், தலைக்கு ஏறியவை தப்பும். அதனால் குளியல் ஒரு தொடக்கமே. நாய்களுக்கான 0.25 சதவீத ஃபிப்ரோனில் ஸ்ப்ரேயை மருத்துவர் சொல்லி, துணியில் தெளித்து, கண்ணையும் வாயையும் தவிர்த்து மெல்லத் துடைப்பது ஒரு வழி. பாம்பின்மேல் நேரடியாக அடிக்கக் கூடாது. காய்வதற்கு முன் தண்ணீர்க் கிண்ணம் உள்ளே வைக்கக் கூடாது. ஐவர்மெக்டின் தருவதும் உண்டு. ஆனால் அதே வீட்டில் ஆமை இருந்தால் அந்த மருந்தை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள், ஆமை செத்துவிடும். நாய்க்கான சொட்டு மருந்துகளும் பூச்சிக் கழுத்துப்பட்டையும் பாம்பைக் கொன்ற உண்ணி மருந்துகள்.

25 டிகிரியில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு 13 முதல் 19 நாள் ஆகும். முட்டைகள் பாம்பில் இல்லை, பெட்டியின் இடுக்குகளில் இருக்கின்றன. ஒரு முறை மருந்து அடித்து முடித்தவர்களுக்கு மூன்றாம் வாரம் மறுபடி வருவது அதனால்தான். பெட்டியைச் சோப்பு நீரிலும் வெந்நீரிலும் தேய்த்து, மர ஒளிவிடங்களை எறிந்து, ஒரு மாதத்துக்குப் பேப்பர் தரை. கடைசி உண்ணியைப் பார்த்த நாளிலிருந்து நான்கு வாரம் சுத்தமாக இருந்தால்தான் முடிந்தது.

அறிகுறி: சட்டை திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கிறது

இது தொற்று அல்ல, தொற்றுக்கு அழைப்பு. நனைத்துப் பிழிந்த துணியைப் போட்டு மூடிய டப்பாவில் அரை மணி நேரம் விட்டு, பாம்பைத் துணிக்கு நடுவே தானாக ஊர்ந்து போக விடுங்கள். வால் நுனியில் வளையமாக இறுகியிருந்தால் அன்றே தளர்த்த வேண்டும்; ரத்த ஓட்டம் நின்று நுனி கருகிவிடும். கண்ணின் மேல் ஒட்டிய சட்டையை மட்டும் தொடாதீர்கள். அடியில் இருக்கும் உண்மையான கண்மூடியும் சேர்ந்து வந்தால் கண்ணே போகும். அடுத்த சட்டையோடு பெரும்பாலும் தானாகக் கழன்றுவிடும்.

மருந்து கொடுத்தும் ஆறவில்லை

மருத்துவர் எழுதும் ஊசிகளில் அடிக்கடி பார்ப்பது செஃப்டாசிடிம். கிலோவுக்கு 20 மி.கி., 72 மணி நேரத்துக்கு ஒரு முறை. 1.2 கிலோப் பாம்புக்கு 24 மி.கி. மூன்று நாள் இடைவெளியைப் பார்த்து 'குறைவாகக் கொடுக்கிறார்' என்று நினைத்துத் தினமும் போட்டுவிடாதீர்கள். பாம்பின் உடல் மருந்தை மெதுவாகத்தான் வெளியேற்றும். ஊசியை உடம்பின் முன்பகுதியில் போடுவது வழக்கம், ஏனென்றால் பின்பகுதி ரத்தம் சிறுநீரகம் வழியாகப் போகிறது. என்ரோஃப்ளாக்சசின் ஊசி போட்ட இடத்தில் திசு வெந்து கருப்பாகலாம். அதைப் புதுத் தொற்று என்று எண்ண வேண்டாம், மருத்துவரிடம் காட்டினால் போதும். அமிகாசின் என்றால் பாம்பு நன்றாகத் தண்ணீர் குடித்த நிலையில் இருக்க வேண்டும். வறண்ட உடம்பில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சரியான மருந்தும் தோற்கும் இடங்கள் இவை. இரவில் மின்தடை, பெட்டி 24 டிகிரிக்கு இறங்கியது, யாரும் பார்க்கவில்லை: குறைந்தபட்ச வெப்பத்தை நினைவில் வைக்கும் டிஜிட்டல் மானி வாங்குங்கள். புண் வெளியே உலர்ந்ததும் ஊசியைப் பாதியில் நிறுத்தியது. பூஞ்சைக்குப் பாக்டீரியா மருந்து. கண்ணில் படாத உண்ணி. பேப்பரை மாற்றினீர்கள், ஆனால் ஒளிவிடத்தைக் கழுவவில்லை. ஒளிவிடம், கிண்ணம், பெட்டி மூன்றையும் முதலில் சோப்பால் தேய்த்துக் கழுவிவிட்டு, பிறகு வீட்டு பிளீச் திரவம் 1 பங்குக்கு 9 பங்கு தண்ணீரில் பத்து நிமிடம் நனையவிட்டு, வாடை போகும்வரை அலசி வெயிலில் காயவையுங்கள். அழுக்கின்மேல் நேராக ஊற்றிய பிளீச் அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும். இவை எல்லாம் சரியாக இருந்தும் புண் திரும்பினால், பைத்தான், போவா வகைகளில் எதிர்ப்பையே குலைக்கும் ஆரினாவைரஸ் தொற்று இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.

சிகிச்சைக் காலத்தில் இரை வழக்கத்தைவிடச் சிறியதாக, இடைவெளி நீண்டதாக இருக்கட்டும். தின்ன மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் கை, உங்கள் காகிதம்

பாம்பின் குடலில் சால்மொனெல்லா சாதாரணம். கையுறை போட்டாலும் கழற்றிய பிறகு சோப்பால் கழுவுங்கள். பெட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இந்த வேலையில் சேர வேண்டாம்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு: வெளிநாட்டு இனங்களில் சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளவற்றை, பால் பைத்தான் உட்பட, மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய 2024-ன் விதிகள் சொல்கின்றன. அந்தச் சான்றை மருத்துவரிடம் போகும்போது கையோடு எடுத்துப்போங்கள். மலைப்பாம்பு, சாரை, நல்ல பாம்பு போன்ற நம் மண்ணின் பாம்புகள் 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. புண்ணோடு கிடந்தாலும் வீட்டில் வைத்து வைத்தியம் பார்க்க முடியாது. வனத்துறைக்குச் சொல்லி ஒப்படைக்க வேண்டும்.